ஆட்டை அவிழ்த்துவிட்டா போதுமா? கந்தகோட்டத்துப் பிள்ளை வள்ளலார் எனக்குக் கத்துக்கொடுத்த பாடம்

ஓம் சரவணபவ!

வழக்கமா இங்க நான் தலபுராணம், விரத முறைன்னு எழுதுவேன். இந்த வாரம் ஒரு மகானோட வாழ்க்கையை எழுதப் போறேன். அதுக்கு முன்னாடி என்னோட ஒரு தப்பைச் சொல்லியாகணும். அதைச் சொல்லாம இந்த வாழ்க்கையை எழுதினா அது வெறும் காப்பி பேஸ்ட்தான்.

எனக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில். சங்கனும் பதுமனும்னு ரெண்டு நாகராஜாக்கள் வழிபட்ட ஊர். கோமதி அம்மன் தவம் இருந்தப்போ தேவமாதர்கள் எல்லாம் பசுவா வந்து கூட நின்னாங்கன்னு சொல்ற ஊர். புத்துல இருக்கிற பாம்பும் தொழுவத்துல நிக்கிற பசுவும் ஒரே கோயில் கதைக்குள்ள இருக்கு. சின்ன வயசுல இருந்து புத்துமண்ணை நெத்தியில பூசி வளர்ந்தவன் நான். ஆனா அதுக்கு என்ன அர்த்தம்னு யோசிச்சதே இல்லை.

போன வருஷம் ஆடித்தபசுக்கு லீவு போட்டு ஊருக்கு வந்தேன். அந்த வாரமே எங்க மாமா ஊர்ல சுடலைமாடன் கோயில் கொடை. மாமா ஒரு கிடாவை நேர்ந்து வளர்த்திருந்தார். நான் அப்போ விரதத்துல இருந்தேன். உயிர்வதை கூடாதுன்னு மாமாகிட்ட பெரிய லெக்சர் எடுத்தேன். அவர் சிரிச்சுக்கிட்டே, மருமவனே, அவ்வளவு இரக்கம்னா காசைக் குடுத்து நீயே கூட்டிட்டுப் போன்னு சொன்னார். வீம்புக்கு 9000 ரூபாய் ஜிபே பண்ணிட்டேன். கிடாவை ஊருக்கு வெளிய குளத்துக்கு அந்தப் பக்கம் உடங்காட்டுல கொண்டுபோய் கயித்தை அவிழ்த்துவிட்டேன். அது துள்ளி ஓடினதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டேன். முருகன் அருளால் ஒரு உயிருக்கு விடுதலைன்னு கேப்ஷன் வேற. ஹார்ட்டா வந்து குவிஞ்சது. மறுநாள் ராத்திரி சென்னைக்கு பஸ் ஏறிட்டேன்.

ஒரு வாரம் கழிச்சு ஆச்சி போன் பண்ணினா. அந்தக் கிடா ரெண்டு நாள் சாயங்காலம் ஆனா மாமா வீட்டு வாசலுக்கே வந்து நின்னிருக்கு. நம்ம உடைமை இல்லைன்னு அவங்களும் விரட்டிவிட்டிருக்காங்க. மூணாம் நாள் ராத்திரி நாய்க்கூட்டம் கடிச்சுக் குதறிடுச்சு. கொடைக்கு மாமா வேற ஒரு கிடா வாங்கினார். என் 9000 ரூபாயிலதான்.

ஆச்சி என்னைத் திட்டல. ஒண்ணு மட்டும் சொன்னா. ஏல, கயித்தை அவுக்கத் தெரிஞ்ச ஒனக்கு, அது ராத்திரி எங்க படுக்கும்னு கேக்கத் தெரியலையான்னு.

நான் ஒரு உயிரைக் காப்பாத்தல. ரெண்டு உயிர் போக காரணமா இருந்திருக்கேன். இதுல முதல் கிடா செத்த விதம், கோயில் அரிவாளைவிடக் கொடுமையானது.

அதுக்கப்புறம் பல நாள் தூக்கமே இல்லை. காட்டு உயிருக்கு ஒரு நியாயம், வீட்டு உயிருக்கு ஒரு நியாயமா? எது நல்லா வாழுதுன்னு நாம எப்படி முடிவு பண்றது? ஆபீஸ் லன்ச் டேபிள்ல இதைப் பேசினா ரெண்டே கட்சிதான். ஒரு கட்சிக்குக் காடு சொர்க்கம், பண்ணை நரகம். இன்னொரு கட்சி, காட்டுல பசியும் பயமும்தான், பண்ணையில வேளைக்குச் சோறாவது கிடைக்கும்னு சொல்லும். ரெண்டு பேரும் டேட்டா காட்டுவாங்க. எனக்கு ரெண்டுமே ஒட்டல.

அப்போதான் வள்ளலாரைத் திருப்பிப் படிச்சேன்.

பசி தெரிஞ்ச பிள்ளை

வள்ளலார்னா நமக்கு வெள்ளை வேட்டி முக்காடும் ஜோதியும் ஞாபகம் வரும். ஆனா அவர் தொடக்கத்துல நம்மாளு. முழுக்க முழுக்க முருகன் பிள்ளை.

1823 அக்டோபர் 5. சிதம்பரத்துக்குப் பக்கத்துல மருதூர். ராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாவது குழந்தையா ராமலிங்கம் பிறந்தார். கைக்குழந்தையா இருக்கும்போதே அப்பா தவறிட்டார். அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு பொன்னேரிப் பக்கம் போய், அங்கிருந்து சென்னைக்கு வந்தாங்க. மூத்த அண்ணன் சபாபதி புராணப் பிரசங்கம் செஞ்சு குடும்பத்தைத் தாங்கினார்.

தம்பி படிச்சுப் பெரிய ஆளா வரணும்னு அண்ணனுக்கு ஆசை. காஞ்சிபுரம் மகாவித்துவான் சபாபதி முதலியார்கிட்ட அனுப்பினார். தம்பியோ பாடம் படிக்காம கந்தகோட்டத்துக்கு ஓடிடுவார். முருகன் சந்நிதியில நின்னு தானாவே பாட்டுக் கட்டிப் பாடுவார். அப்போ அவருக்கு வயசு ஒன்பதுன்னு சொல்லுவாங்க. நாம இன்னிக்கும் பாடுற தெய்வமணிமாலை கந்தகோட்டத்து முருகனுக்கு அவர் சூட்டின மாலைதான்.

அண்ணனுக்குக் கோபம் வந்துருச்சு. படிக்காத பிள்ளைக்கு இந்த வீட்டுல சோறு கிடையாதுன்னு சொல்லிட்டார். சின்னப் பையன் பசியோட கோயில்லயே கிடப்பான். அண்ணி பாப்பாத்தி அம்மாளுக்கு மனசு கேட்காது. கணவருக்குத் தெரியாம கொல்லைப்பக்கமா வரச்சொல்லி சோறு போடுவாங்க. ஒருநாள் வீட்டுல அப்பாவோட திதி. எல்லாரும் இலை போட்டுச் சாப்பிட்டுப் போனப்புறம் பிள்ளை கொல்லைப்பக்கம் வந்து நிக்குது. சொந்த வீட்டுலயே இப்படித் திருட்டுத்தனமா சாப்பிடணுமான்னு அண்ணி அழுதுட்டாங்க. அந்தக் கண்ணீரைப் பார்த்துத்தான் ராமலிங்கம் வீட்டுலயே இருந்து படிக்கிறேன்னு ஒத்துக்கிட்டார்.

ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெரு வீட்டு மாடியில ஒரு அறை கொடுத்தாங்க. அவர் கேட்டது ஒரு கண்ணாடி. அதைச் சுவர்ல மாட்டி, பூ சாத்தி, விளக்கேத்தி தியானத்துல உட்கார்ந்தார். கண்ணாடியில தணிகை முருகன் ஆறுமுகமும் மயிலும் வேலுமா காட்சி கொடுத்தான். இதை அவரே பாட்டுல பதிவு பண்ணியிருக்கார்.

இந்த இடத்துல நான் நின்னு யோசிச்சேன். பின்னாளில் பசிங்கிறதைப் பத்தி அவ்வளவு நுணுக்கமா எழுதின மனுஷன், பசியைப் புஸ்தகத்துல படிச்சவர் இல்லை. கொல்லைவாசல்ல நின்னு தெரிஞ்சுக்கிட்டவர். நான் அவிழ்த்துவிட்ட கிடாவும் ரெண்டு சாயங்காலம் ஒரு வாசல்லதான் நின்னுச்சு. அதுக்கு ஒரு அண்ணி கிடைக்கல.

கன்றுக்குட்டியோட வழக்கு

ஒருநாள் அண்ணனுக்கு உடம்பு சரியில்லாம போக, சோமு செட்டியார் வீட்டுப் பிரசங்கத்துக்குத் தம்பி போனார். சம்பந்தர் கதையை விடிய விடியச் சொல்லி எல்லாரையும் உருக வச்சார். அன்னியோட அண்ணனுக்குத் தம்பி யாருன்னு புரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் பல வருஷம் திருவொற்றியூருக்கு நடந்தே போய் வழிபட்டார். 1850-ல் அக்கா உண்ணாமுலையோட மகள் தனக்கோடி அம்மாளைக் கட்டிவச்சாங்க. அவர் மனசு குடும்ப வாழ்க்கையில ஒட்டவே இல்லை.

1854-ல் அவர் எழுதி வெளிவந்த உரைநடை நூல் மனுமுறை கண்ட வாசகம். திருவாரூர் மனுநீதிச் சோழன் கதை. இளவரசன் தேர்ச்சக்கரத்துல ஒரு கன்னுக்குட்டி சிக்கிச் செத்துப்போச்சு. தாய்ப்பசு வந்து அரண்மனை மணியை அடிச்சது. ராஜா தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இட்டார். சின்ன வயசுல இருந்து நமக்குத் தெரிஞ்ச கதைதான்.

ஆனா வள்ளலார் எங்க நிக்கிறார் பாருங்க. பசு வந்து மணி அடிச்சதும் ராஜா யாரையும் குத்தம் சொல்லல. தன் ஆட்சியில இப்படி நடக்க தான் என்ன பாவம் செஞ்சேனோன்னு தனக்குத்தானே ஒரு நீளமான பட்டியல் போட்டுப் புலம்புறார். நட்பைக் கெடுத்தேனோ, கூலியைக் குறைச்சேனோ, பசிச்சவன் முகம் பார்க்காம இருந்தேனோன்னு போற பட்டியல் அது. அதைப் படிக்கிறவன் பசுவுக்காகப் பரிதாபப்படுறதுக்கு முன்னாடி தன்னைத்தானே கூண்டுல ஏத்திக்குவான்.

அந்தப் பசு காட்டுல மேயுற மிருகம் இல்லை. தெருவும் தேரும் ராஜாவோடது. பசுவும் அந்த ஊர்க்குடி. அதனாலதான் அந்த மணி அவர் வாசல்ல தொங்குது. பொறுப்பு யார்கிட்ட இருக்கோ அங்கதான் மணி கட்டணும்.

21 அடி அடுப்பு

1858 வாக்கில் சென்னைக் கூட்டம் வேண்டாம்னு கிளம்பினார். சிதம்பரம் போய், பிறகு வடலூர் பக்கத்துல கருங்குழி கிராமத்துல வேங்கட ரெட்டியார் வீட்டுல தங்கினார். விளக்குல தண்ணி ஊத்தி எரிஞ்ச அற்புதம் நடந்த வீடு அதுதான். 1865-ல் சமரச வேத சன்மார்க்க சங்கம் தொடங்கினார். பின்னாடி அதுக்கு சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம்னு பேர் மாத்தினார்.

அது பஞ்சத்துல ஜனங்க அல்லாடின காலம். பசின்னு வந்தவங்களுக்கு எங்கயாவது ஒரு வாசல் எப்பவும் திறந்திருக்கணும்னு அவருக்குத் தோணுச்சு. பார்வதிபுரத்து ஜனங்க ஏறக்குறைய 80 காணி நிலத்தை எழுதிக்கொடுத்தாங்க. 1867 மே 23, வைகாசி மாசம், வடலூர்ல சத்திய தருமச்சாலை திறந்தார். 21 அடி நீள அடுப்பு. அன்னிக்கு மூட்டின நெருப்பு இன்னிக்கும் அணையல. நீங்க வடலூர் போயிருந்தா பார்த்திருப்பீங்க. போகலைன்னா ஒருமுறை போயிட்டு வாங்க.

அங்க வர்றவன் என்ன சாதி, என்ன சமயம், எந்த ஊர், எப்படி நடந்துக்கிறவன்னு கேட்கக் கூடாது. பசி இருக்கா? இலை போடு. அவ்வளவுதான். புலால் சாப்பிடுறவனா இருந்தாலும் பசியை மட்டும் ஆத்தியே தீரணும்னு வச்சார்.

உயிர்களைப் பத்தி அவர் எழுதினது

தருமச்சாலை திறப்பு அன்னிக்கு வாசிக்கப்பட்டதுதான் ஜீவகாருண்ய ஒழுக்கம். நான் ஒரு என்ஜினியர். எதையும் ஸ்டெப் பை ஸ்டெப்பா பார்த்தாத்தான் எனக்குப் புரியும். அந்த நூலும் அப்படித்தான் இருக்கு. ஒருத்தன் குறுக்குக்கேள்வி கேட்கிற மாதிரி அவரே கேட்டு அவரே பதில் சொல்லிக்கிட்டுப் போறார். எனக்குப் புரிஞ்சதை என் வார்த்தையில சொல்றேன்.

முதல் விஷயம். உயிர்களுக்கு வர்ற துன்பம் பல. பசி, தாகம், நோய், இச்சை, எளிமை, பயம், கொலை. இதுல பசியையும் கொலையையும் தனியா எடுத்து வைக்கிறார். மத்ததை நீக்குறது நல்ல காரியம். இந்த ரெண்டையும் நீக்குறதுதான் மேலான கருணை. இன்பம் எத்தனை, துன்பம் எத்தனைன்னு கூட்டிக் கழிச்சு, இந்த உயிரோட வாழ்க்கை லாபமா நஷ்டமான்னு அவர் கேட்கவே இல்லை. முன்னாடி நிக்கிற உயிருக்குப் பசிக்குதா, அதோட கழுத்துல கத்தி இருக்கான்னுதான் கேட்கிறார்.

ரெண்டாவது. செடிகொடிக்கும் உயிர் உண்டே, அதைத் தின்னலாமான்னு நம்ம ஆபீஸ்ல கேட்கிற அதே கேள்வியை அவர் அப்பவே எடுத்துக்கிட்டார். தாவரத்துக்கு உயிர் உண்டு, ஆனா தொடு உணர்ச்சி ஒண்ணுதான். விதை ஜடம். காய், கனி, கீரை எடுக்கிறது நமக்கு முடியும் நகமும் வெட்டுற மாதிரி, செடியை அழிக்காம எடுக்கலாம்னு விளக்கம் சொன்னார். ஆனா அதோட மனசு கல்லாயிடல. தண்ணியில்லாம வாடின பயிரைப் பார்த்து தானும் வாடினவர் அவர். ரெண்டும் ஒரே மனுஷன்தான். அறிவுல கணக்கு, நெஞ்சுல ஈரம்.

மூணாவது. ஒரு உயிரைக் கொன்னு இன்னொரு உயிரோட பசியை ஆத்துறது கருணையே இல்லை. இதுல அவர் ஒரு இம்மிகூட விட்டுக்கொடுக்கல.

நாலாவதுதான் என்னை அடிச்சது. மனுஷனுக்கு ஆகாரம் விதிப்படியும் வரும், அவன் முயற்சியாலயும் வரும். மிருகம், பறவை, ஊர்வன இதுங்களுக்கு இறைவனோட நியதிப்படி ஆகாரம் உண்டு. காட்டுல இருக்கிறதுக்கு நாம சமையல்காரன் இல்லை. ஆனா நாம வேலை வாங்குற மாடு, பால் கறக்குற பசு, வீட்டுல வளர்க்கிற ஆடு, இதுங்களோட பசிக்கு நாமதான் பொறுப்பு.

ஏன்னு யோசிச்சுப் பாருங்க. காட்டு மான் காலால நடந்துபோய் தன் புல்லைத் தானே தேடிக்கும். தொழுவத்து ஆட்டோட கழுத்துல நாம கயிறு கட்டிட்டோம். தேடிப்போற வழியை நாமதான் அடைச்சோம். அடைச்சவன் கைதான் கொடுக்கணும். அந்தக் கயிறுக்கு ரெண்டு முனை. ஒரு முனை ஆட்டுக் கழுத்துல, இன்னொரு முனை நம்ம கையில. நான் ஆட்டுக் கழுத்துல இருந்த முனையை அவிழ்த்தேன். அதுவரைக்கும் தன் இரையைத் தானே தேடாத, நாயைப் பார்த்தா எங்க ஓடணும்னு தெரியாத ஒரு கிடாவை, காட்டு மிருகம்னு நினைச்சு விட்டுட்டு வந்துட்டேன்.

பிள்ளைப் பெரு விண்ணப்பத்துல வள்ளலார் தன் மனசைத் திறந்து இறைவன்கிட்ட கொட்டுவார். சிறுதெய்வக் கோயில்களுக்கு ஆடு, பன்றி, கோழி, கடாவைப் பலிக்குக் கொண்டுபோறதைப் பார்த்து உள்ளம் நடுங்கினதைச் சொல்றார். வலையும் தூண்டிலும் கண்ணியும் பார்த்தாலே தனக்குள்ள நடுக்கம் வந்ததைச் சொல்றார். பார்த்தவர் நடுங்கினார். நானோ வீடியோ எடுத்தேன்.

மயிலும் சேவலும்

நம்ம அப்பன் முருகனைப் பாருங்க. சூரபத்மன் மாமரமா நின்னான். வேல் ரெண்டாப் பிளந்தது. ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். மயில் வாகனம், சேவல் கொடி. ஒண்ணு காட்டுப் பறவை, ஒண்ணு வீட்டுப் பறவை. எதிரியா வந்ததையே ரெண்டா ஏத்துக்கிட்டு, ரெண்டுக்கும் தன் பக்கத்துலயே இடம் கொடுத்தான்.

இன்னிக்கு அந்த ரெண்டு பறவையோட நிலைமை என்ன?

மயில் 1963-ல் தேசியப் பறவை ஆச்சு. 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல உச்சப் பாதுகாப்பு அதுக்கு. எங்க பக்கம் மக்காச்சோளம், உளுந்து போட்டவங்க மயிலைப் பார்த்து முருகான்னு கும்பிடவும் செய்வாங்க, தலையில அடிச்சுக்கவும் செய்வாங்க. சுதந்திரமா திரியுதேன்னு நாம நினைக்கிறோம். ஒரு சின்னக் கணக்கு போடுங்க. ஒரு பெட்டை வருஷத்துக்கு அஞ்சு முட்டைன்னு வச்சா, பத்து வருஷத்துல 50. மயில் எண்ணிக்கை கூடாம குறையாம இருக்கணும்னா, இந்த 50-ல் சராசரியா ரெண்டே ரெண்டுதான் வளர்ந்து குஞ்சு பொரிக்கிற அளவுக்கு வரும். மீதி 48? கீரி, நாய், பாம்பு, பசி, மழை. காடு சொர்க்கம்னு சொல்றவங்க தோகையை மட்டும் பார்க்கிறாங்க.

சேவல் கதை வேற. பிராய்லர் கொட்டகையில தீனிக்குக் குறைவே இல்லை, பாம்பு பயமும் இல்லை. ஆனா ஆறு வாரம்தான் ஆயுசு. முட்டைக்கோழிக்குக் கூண்டுல கிடைக்கிற இடம், ஒரு ஏ4 தாளைவிடக் கம்மியா இருக்கும். சிறகை விரிக்க முடியாது, மண்ணைக் கிளற முடியாது. வேளைக்குச் சோறு கிடைக்குதேன்னு சொல்றவங்க கூண்டைப் பார்க்கல. 1965-ல் இங்கிலாந்துல பிராம்பெல் தலைமையில ஒரு குழு பண்ணை விலங்குகளைப் பத்தி அறிக்கை கொடுத்தது. திரும்ப, படுக்க, எழுந்திரிக்க, உடம்பை நீட்ட, தன்னைச் சுத்தம் பண்ணிக்க இடம் வேணும்னு கேட்டது. அதுல இருந்து வளர்ந்ததுதான் ஐந்து சுதந்திரங்கள்ங்கிற கொள்கை. பசி தாகம், அசௌகரியம், வலி நோய், பயம், இயல்பா நடந்துக்க முடியாத நிலைமை, இந்த அஞ்சுல இருந்தும் விடுதலை. 2014 ஜல்லிக்கட்டுத் தீர்ப்புல நம்ம உச்ச நீதிமன்றமும் இதை எடுத்துக்கிச்சு. வள்ளலார் போட்ட பட்டியலையும் இதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. பசியில தொடங்குறதுல ரெண்டும் ஒண்ணு.

அப்போ காட்டுக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லையா? அப்படியும் இல்லை. சங்கரன்கோவில்ல இருந்து இருபது கிலோமீட்டர் போல போனா கழுகுமலை. கழுகாசலமூர்த்தி, நம்ம முருகன். சம்பாதி வழிபட்ட தலம், அதனாலதான் கழுகு பேர்ல மலையே இருக்கு. அந்தக் கழுகு இனம், பிணந்தின்னிக் கழுகுகள், 1990-களில் இந்தியா முழுக்க கொத்துக்கொத்தா செத்து, சில இனங்கள்ல நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல காணாமப் போச்சு. காரணம் என்ன தெரியுமா? மாட்டுக்கு வலி தீர போட்ட டைக்ளோபினாக் ஊசி. செத்த மாட்டைத் தின்ன கழுகுக்கு அது விஷம். 2006-ல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை பண்ணினாங்க. மாட்டு மேல கருணையாத்தான் ஊசி போட்டோம். கயித்தோட முனை நாம நினைக்கிறதைவிடத் தூரமா போகுது.

அதனால எனக்குப் பட்டது இதுதான். காட்டு மயில் வாழ்க்கை பெருசா, கூண்டுக்கோழி வாழ்க்கை பெருசான்னு தராசு பிடிக்கிற அளவுக்கு எனக்குத் தகுதி இல்லை. ஆனா எந்தத் துன்பம் என் கையால வந்தது, எது என் தட்டால வந்தது, எது என் கயிறால வந்ததுன்னு பார்க்க என்னால முடியும். அதைப் பார்க்காம தராசைத் தூக்குறது தப்பிச்சுக்கிற வேலை.

ரெண்டு வாசல்

மிச்ச வாழ்க்கையையும் சொல்லி முடிச்சுடறேன். 1870-ல் மேட்டுக்குப்பத்துக்குப் போனார். அங்க அவர் இருந்த இடம்தான் சித்திவளாகம். 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்னிக்கு வடலூர்ல எண்கோண வடிவுல கட்டின சத்திய ஞானசபையில முதல் வழிபாடு. ஏழு திரைகளை நீக்கி ஜோதி தரிசனம். கைக்குழந்தையா இருந்தப்போ சிதம்பரத்துல ரகசியத் திரையைத் தூக்கினதும் சிரிச்ச குழந்தைன்னு சொல்லுவாங்க. அந்தக் குழந்தை வளர்ந்து உலகத்துக்கே திரை நீக்கிக் காட்டுச்சு. 1874 ஜனவரி 30, மறுபடியும் தைப்பூச நாள். மேட்டுக்குப்பத்து அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்தச் சொன்னார். ஜோதியில கலந்துட்டார்ங்கிறது நம்ம நம்பிக்கை. அவர் நினைவா இன்னிக்கும் தைப்பூசத்தன்னிக்குத் தமிழ்நாட்டுல இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும். 2022-ல் கைவிடப்பட்ட, காயம்பட்ட பிராணிகளைப் பார்த்துக்கிற அமைப்புகளுக்காக 20 கோடி ரூபாய்ல தமிழ்நாடு அரசு அறிவிச்ச திட்டத்துக்கும் வள்ளலார் பல்லுயிர் காப்பகங்கள்னுதான் பேர்.

வடலூர்ல ரெண்டு வாசல் இருக்கு. கவனிச்சிருக்கீங்களா? தருமச்சாலை வாசல்ல எந்தக் கேள்வியும் இல்லை, யாரும் வந்து சாப்பிடலாம். ஞானசபை வாசல்ல ஒரு நிபந்தனை இருக்கு. கொலையும் புலையும் விட்டவங்கதான் உள்ள வரணும்.

நான் இதைத் தலைகீழா வச்சிருந்தேன். மாமாகிட்ட பேசும்போது ஞானசபைக் கறார். என் பொறுப்புன்னு வரும்போது எந்தக் கேள்வியும் இல்லை. அடுத்தவன் பசிக்குத் திறந்த வாசலும், தனக்குத் தானே கறாரான வாசலும் வச்சிருந்தவர் அவர்.

இந்த வருஷம் தைப்பூசம் முடிஞ்சு ஊருக்குப் போனேன். மாமாவைப் பார்த்து, போன வருஷம் பேசின பேச்சுக்கு மன்னிச்சுக்கோங்க மாமான்னு சொன்னேன். அவர் ஒண்ணும் பேசல, டீ வாங்கிக்கொடுத்தார். கொடையில கிடா வெட்டுறது தப்புன்னு நான் இப்பவும் நினைக்கிறேன். அதை அவர்கிட்ட மறைக்கல. ஆனா அந்த ஒரு நாள் வெட்டுக்காக அவரைத் திட்டின நான், வருஷம் பூரா அந்தக் கிடாவுக்குக் குழை ஒடிச்சுப் போட்டு, மழையில நனையாம உள்ள கட்டி, வயிறு உப்பினா மருந்து ஊத்தினது அவர்தான்னு யோசிக்கவே இல்லை. நானும் காலேஜ் முடிச்சு ஆறு வருஷம் சென்னையில வாரக்கடைசி ஆனா சிக்கன் பிரியாணி ஆர்டர் பண்ணினவன்தான். அந்தக் கோழிகளோட முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. விரதம் முடிஞ்சும் அசைவம் பக்கம் நான் போகல. இனியும் போகமாட்டேன்.

ஆச்சிகிட்ட இப்போ மூணு வெள்ளாடு நிக்குது. கோடையில தீவனம் விலை ஏறும். மாசாமாசம் அதுக்கு நான் பணம் அனுப்புறேன். ரெண்டு கெடா குட்டிகளை விக்க வேண்டாம்னு கேட்டேன். ஆச்சி உடனே, வித்தாத்தாம்ல எனக்கு மருந்து மாத்திரைன்னா. அப்போ மருந்துக்கும் சேர்த்து நானே அனுப்புறேன், ஆயுசு பூரா ரெண்டையும் நம்ம தொழுவத்துலயே வச்சுக்குவோம்னு சொன்னேன். ஆயுசுன்னா எத்தனை வருஷம்னு தெரியுமால்னு கேட்டா. பத்து, பன்னெண்டு வருஷம் ஆச்சின்னேன். நான் போன பெறவு?ன்னு கேட்டா.

அந்தக் கேள்விக்குத்தான் போன வருஷம் நான் பதில் வச்சுக்கல. இந்தத் தடவை கொஞ்ச நேரம் யோசிச்சு, நான் பாத்துக்கிடுதேன் ஆச்சின்னு சொன்னேன். ஸ்டேட்டஸ் எதுவும் போடல.

நீங்களும் இன்னிக்கு ஒண்ணு பண்ணுங்க. மொட்டை மாடியில ஒரு சட்டியில தண்ணி வைங்க. வச்சா தினமும் கழுவி வைங்க. வீட்டுல ஒரு உயிரை வளர்க்கிறதா இருந்தா, அதோட கடைசி நாள் வரைக்கும் நான் இருப்பேனான்னு முருகன் முன்னாடி ஒரு தடவை கேட்டுட்டு வளருங்க. கந்தகோட்டத்துப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய குருபூஜை இல்லை.

பிடிச்சிருந்தா உங்க குரூப்ல பகிருங்க. தப்பு இருந்தா சொல்லுங்க, திருத்திக்கிறேன்.

அருட்பெருஞ்ஜோதி! வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!